ஆறு கார்டு மாட்டினால் ஐந்துதான் தெரிகிறதா? மைனிங் ரிக் கோளாறை வரிசையாகப் பிடிக்கும் வழி

"அண்ணே, ஒரு கார்டு போச்சுண்ணே." மைனிங் ரிக், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்டப் பல கிராபிக்ஸ் கார்டுகளை மாட்டி ஓட்டும் கம்ப்யூட்டர், வைத்திருப்பவர்களிடம் இருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கார்டு நன்றாகவே இருக்கும். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசரோ, ஒரு வயரோ, கம்ப்யூட்டர் எழும்போதே ஓடும் பயாஸில் ஒரு செட்டிங்கோதான் காரணமாக இருக்கும். ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் தம்பி கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்து, விண்டோஸை மறுபடி போட்டு, கார்டுகளை இடம் மாற்றி வைத்திருப்பார். எது எதனால் என்று அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கொளத்தூரில் மொட்டை மாடி அறை ஒன்றில் ஆறு கார்டு ரிக் ஓட்டியபோது நானும் இதே தப்பைச் செய்து மூன்று நாள் தொலைத்தேன். அதிலிருந்து ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது. கீழே உள்ள வரிசையும் அதற்காகத்தான். கரண்ட்டில் தொடங்கி மென்பொருளுக்குப் போகிறோம். கரண்ட் சரியில்லாத ரிக்கில் டிரைவரை நோண்டுவது வீண் வேலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். நன்றாக ஓடுகிறது என்று உங்களுக்கே தெரிந்த ஒரு ரைசர் செட், அதாவது பலகை, கேபிள், ஸ்லாட்டில் செருகும் சின்னத் துண்டு மூன்றும். பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப், ஒரு மார்க்கர் பேனா. அழுக்கு துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பழைய டூத்பிரஷ். ஒரு நாற்பது பக்க நோட்டு.

நோட்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். பரவாயில்லை. "3-ஆம் ரைசர், 5-ஆம் ஸ்லாட், வரவில்லை" என்று எழுதி வைக்காதவர்தான் அதே சோதனையை நான்கு முறை செய்வார்.

மதர்போர்டின் மேனுவலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டினால் பக்கத்தில் உள்ள ஒரு பிசிஐ ஸ்லாட், அதாவது கார்டு செருகும் இடம், தானாக அணைந்துவிடும். அது மேனுவலில் ஒரு சின்ன வரியாக மட்டும் இருக்கும். அந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டை வைத்தாலும் வராது.

2. சுவர் பிளக்கில் இருந்து ஆரம்பியுங்கள்

முதலில் ஒரு கூட்டல் கணக்கு. ஒரு கார்டுக்கு 130 வாட் என்றால் ஆறுக்கு 780. மதர்போர்டு, பிராசசர், மின்விசிறிகளுக்கு 80 சேர்த்தால் 860. ரிக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் மேலே எழுதியிருக்கும் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் நாள் முழுக்க இழுக்காமல் இருப்பது நல்லது. ஆக, இதற்கு 1100 வாட் எஸ்எம்பிஎஸ்ஸாவது வேண்டும். 850 வாட்டில் ஓட்டினால் முதல் ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

1000 வாட்டைத் தாண்டிய ரிக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் போடாதீர்கள். 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். ஏசிக்கும் கீசருக்கும் இருக்கிற 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால், கோளாறு ரிக்கில் இல்லை, அங்கேயே இருக்கிறது.

அப்புறம் எர்த். அலுமினிய பிரேமைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக பிரேமில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், அதாவது 110 வோல்ட் பக்கம், மிதந்துகொண்டிருக்கும். ஆளைக் கொல்லும் கரண்ட் அதில் வழக்கமாக இருக்காது. ஆனால் ரைசரைக் கழற்றி மாட்டும்போது கார்டைக் கெடுக்க அது போதும். பழைய வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

3. எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து ரைசருக்கு வரும் வயர்

கார்டு எரிவது, பிளாஸ்டிக் உருகுவது, நடு இரவில் ரிக் அணைவது எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள்.

பிசிஐ ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். மதர்போர்டில் நேராக உட்கார்ந்தால் அதை மதர்போர்டு கொடுக்கும். ரைசரில் உட்கார்ந்தால் ரைசருக்கு வரும் வயர் கொடுக்க வேண்டும். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். மொத்தம் நாலரை ஆம்பியர், 54 வாட். அது ஹார்டு டிஸ்க்குக்காகச் செய்தது. 75 கேட்கும் இடத்தில் 54 கொடுக்கிற கனெக்டரை மாட்டினால் அது சூடாகத்தான் செய்யும்.

ரைசர் பெட்டியில் சாட்டாவில் இருந்து 6 பின்னுக்கு மாற்றும் ஒரு சின்ன வயர் இலவசமாக வரும். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நான் போடாமல் விட்டேன். ஒரு நாள் காலை அறைக்குள் நுழைந்தபோது லேசான கருகல் வாசனை. கனெக்டரை இழுத்தேன், வரவில்லை. மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பாகி, வயரின் உறை பின்னோடு உருகி ஒட்டியிருந்தது. அதுவரை அந்தக் கார்டு "அவ்வப்போது காணாமல் போகிறது" என்று டிரைவரைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்.

6 பின் உள்ள ரைசரை வாங்கி, எஸ்எம்பிஎஸ்ஸில் பிசிஐ என்று எழுதியிருக்கும் வயரை நேராக மாட்டுங்கள். ஒரு வயரில் இரண்டு ரைசருக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி தனி பவர் கனெக்டர் இல்லாத கார்டு என்றால் தேவையான கரண்ட் முழுவதையும் ரைசர் வழியாகவே இழுக்கும். அதற்கு ஒரு வயர், ஒரு ரைசர்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ், அதாவது வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனியின் வயரை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். கார்டு பக்கம் உள்ள முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் உள்ள முனையில் எந்தப் பின் 12 வோல்ட், எந்தப் பின் கிரவுண்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். செருகினால் பொருந்தும், சுவிட்ச் போட்டால் கார்டு போகும். அதே மாதிரி, பிராசசருக்கான 8 பின்னையும் கார்டுக்கான 8 பின்னையும் குழப்பாதீர்கள். நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு.

இரண்டு எஸ்எம்பிஎஸ் வைத்து ஓட்டினால் ஒரு கார்டும் அதன் ரைசரும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து கரண்ட் வாங்கட்டும். ஒன்றுக்கு இங்கே, ஒன்றுக்கு அங்கே என்று பிரித்தால், ஒரு எஸ்எம்பிஎஸ் முன்னே பின்னே எழுந்தாலும் அணைந்தாலும் கார்டின் ஒரு பாதிக்கு மட்டும் உயிர் இருக்கும். இரண்டையும் சேர்ந்து எழுப்ப ஒரு சின்ன ஒத்திசைவு போர்டு கிடைக்கிறது. மதர்போர்டு இல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பப் பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகும் வித்தை சோதனைக்கு மட்டும்.

கடைசியாக மல்டிமீட்டர். ரிக் முழு லோடில் ஓடும்போது காலியாக உள்ள ஒரு கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். லோடு ஏறும்போது 11.4க்குக் கீழே சரிந்தால் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது.

4. எல்லாவற்றையும் கழற்றி ஒரே கார்டில் நில்லுங்கள்

ஆறு கார்டையும் மாட்டி வைத்துக்கொண்டு கோளாறு தேட முடியாது. பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை பத்து விநாடி அழுத்துங்கள். மிச்சக் கரண்ட் இறங்கிவிடும். பிறகு கார்டுகளைக் கழற்றுங்கள். ரிக் ஓடும்போது ரைசரையோ அதன் கேபிளையோ பிடுங்கவே கூடாது.

ஒரு கார்டை ரைசர் இல்லாமல் நேராக நீளமான ஸ்லாட்டில் மாட்டுங்கள். திரை வருகிறதா? சரி, மதர்போர்டு, ராம், பிராசசர் மூன்றும் நலம். வரவில்லை என்றால் பிரச்சினை மைனிங்கே இல்லை, சாதாரண கம்ப்யூட்டர் பிரச்சினை. அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

ஆசுஸ் பி250 மைனிங் எக்ஸ்பர்ட் மாதிரி 19 ஸ்லாட் போர்டு வைத்திருந்தால் ஒரு விஷயம். அதில் 24 பின் பவர் கனெக்டர் மூன்று இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கூட்டம் ஸ்லாட்டுக்கு. ஒன்றுக்கு மட்டும் வயர் கொடுத்துவிட்டு மற்ற ஸ்லாட்டுகள் செத்துவிட்டன என்று நினைக்காதீர்கள்.

5. பயாஸ்

இங்கே மாற்ற வேண்டியது கொஞ்சம்தான்.

"அபவ் 4ஜி டீகோடிங்" ஆனில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கார்டும் மெமரி முகவரியில் ஓர் இடம் கேட்கும். இது ஆஃபில் இருந்தால் எல்லாரும் 4 ஜிபிக்குக் கீழே உள்ள இடத்துக்கே அடித்துக்கொள்வார்கள். நான்கு கார்டு வரை ஓடி ஐந்தாவதில் திரையே வராமல் போவதற்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் "கோட் 12" என்று வந்தாலும் இதுதான்.

பிசிஐ வேகத்தை ஆட்டோவில் விடாமல் ஜென் 1 அல்லது ஜென் 2 என்று வையுங்கள். மைனிங்குக்கு அந்தக் கம்பியில் போகும் தகவல் மிகக் குறைவு, வேகம் தேவையில்லை. மலிவான ரைசர் கேபிள் ஜென் 3 வேகத்தில் தடுமாறும்.

திரையை மதர்போர்டின் சொந்த கிராபிக்ஸுக்கு மாற்றுங்கள். ஆடியோவை அணையுங்கள். சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் கார்டுகள் எல்லாம் காணவில்லை என்றால், பயாஸுக்குள் போய் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் காட்டினால் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போனதும் செட்டிங் எல்லாம் அழிந்து, 4ஜி டீகோடிங் மறுபடி ஆஃப் ஆகியிருக்கும். சில பத்து ரூபாய் பேட்டரிக்காக ஒரு நண்பர் மதர்போர்டையே மாற்றப் பார்த்தார்.

கரண்ட் வந்ததும் ரிக் தானாக எழும் வசதியையும் நான் அணைத்தே வைத்திருப்பேன். மின்வெட்டுக்குப் பிறகு முதல் சில நிமிடம் வோல்டேஜ் ஆடும். அது அடங்கட்டும்.

6. ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், பெயர் வையுங்கள்

இப்போது அதே கார்டை ரைசரில் மாட்டி எழுப்புங்கள். வந்தால், அணைத்து, இரண்டாவது. வந்தால், அணைத்து, மூன்றாவது. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்தாவதில் நின்றால் எங்கே நின்றது என்று தெரியும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, ரைசரின் யுஎஸ்பி கேபிளை கம்ப்யூட்டரின் யுஎஸ்பி ஓட்டையில் செருகுவது. அது பார்க்கத்தான் யுஎஸ்பி. உள்ளே ஓடுவது பிசிஐ சிக்னல். தப்பான ஓட்டையில் செருகினால் இரண்டு பக்கமும் கெடலாம்.

ரைசர் பலகையின் அடிப்பக்கத்தில் ஈயப் புள்ளிகள் திறந்து கிடக்கும். அலுமினிய பிரேமில் பட்டால் ஷார்ட். அடியில் ஒரு துண்டு ஃபோம் ஷீட் போதும்.

ஒவ்வொரு கார்டு, ரைசர், கேபிள் மேலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். திரையில் "ஜிபியு 0, 1, 2" என்று வரும் வரிசை பிரேமில் உள்ள வரிசையாக இருக்காது. ஸ்லாட்டைக் குறிக்கும் பஸ் எண்ணைத்தான் நம்ப வேண்டும். எது எந்தக் கார்டு என்று அறிய, மென்பொருளில் ஒரு கார்டின் விசிறியை மட்டும் 100 சதவீதம் வைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். இந்த வேலை செய்யாமல், நன்றாக ஓடும் கார்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனவரை எனக்குத் தெரியும்.

7. ஒரு கார்டு மட்டும் வரவில்லை: கோளாறு எதோடு போகிறது?

ஒரு கார்டுக்குப் பின்னால் ஐந்து பேர் இருக்கிறார்கள்: கார்டு, ரைசர் பலகை, யுஎஸ்பி கேபிள், மதர்போர்டு ஸ்லாட், பவர் வயர். நன்றாக ஓடும் பக்கத்துக் கார்டோடு இவர்களில் ஒருவரை மட்டும் மாற்றி, எழுப்பிப் பார்க்க வேண்டும். கோளாறு இடம் மாறினால் மாற்றியவர்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் அவரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்தவர்.

பெரம்பூரில் ஒரு ரிக்கில் 4-ஆம் எண் வரவில்லை. 4-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றினோம். இப்போது 3-ஆம் எண் கார்டு காணவில்லை, 4 வந்துவிட்டது. ஆக, கார்டு நிரபராதி. திருப்பி வைத்துவிட்டு ரைசர் பலகையை மாற்றினோம், அதே இடத்தில்தான் கோளாறு. பிறகு கேபிள். கோளாறு கேபிளோடு போனது. குனிந்து பார்த்தால் அந்த நீலக் கேபிளின் நடுவில் ஒரு மடிப்பு, பிரேமின் கால் அதன் மேல் ஏறி நின்றிருந்தது. மொத்தம் நாற்பது நிமிடம். அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவர் அந்தக் கார்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

என் அனுபவத்தில் சந்தேக வரிசை: கேபிள், ரைசர் பலகை, பவர் வயர், ஸ்லாட், கடைசியாகத்தான் கார்டு.

8. டிரைவரும் பேஜ் ஃபைலும்

பயாஸிலும் டிவைஸ் மேனேஜரிலும் எல்லாக் கார்டும் தெரிந்த பிறகுதான் இந்தப் படி.

டிரைவர் குழம்பியிருந்தால் டிடியு என்ற இலவச மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டிப் பழையதை முழுதாக அழியுங்கள். அப்போது இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழித்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தனக்குப் பிடித்த டிரைவரைப் போட்டுவிடும்.

செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 570, 580 கார்டில் "கோட் 43" வந்தால் பெரும்பாலும் முந்தைய உரிமையாளர் மைனிங்குக்காக கார்டின் பயாஸை மாற்றியிருப்பார். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபோது இப்படிப்பட்ட கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. கார்டின் விளிம்பில் சின்ன பயாஸ் சுவிட்ச் இருந்தால் பவரை அணைத்துவிட்டு மறுபக்கம் தள்ளிப் பாருங்கள்.

எல்லாக் கார்டும் தெரிகிறது, மைனிங் மென்பொருள் ஆரம்பித்ததும் மூடிக்கொள்கிறது என்றால் விண்டோஸின் பேஜ் ஃபைலை, அதாவது எஸ்எஸ்டியில் மெமரி போல ஒதுக்கும் கோப்பை, பாருங்கள். கார்டுகளின் மொத்த மெமரி அளவுக்காவது அது வேண்டும். 8 ஜிபி கார்டு ஆறு என்றால் 48 ஜிபி. நான் 60,000 எம்பி வைப்பேன். எஸ்எஸ்டியில் அவ்வளவு காலி இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4 ஜிபி கார்டு மட்டும் "டேக் உருவாக்க முடியவில்லை" என்று நின்றால் அது கோளாறே இல்லை. மைனிங்குக்காகக் கார்டின் மெமரியில் ஏற்றும் நாணயத்தின் டேக் கோப்பு அந்த மெமரியைத் தாண்டிவிட்டது. நாணயத்தை மாற்ற வேண்டியதுதான்.

9. ஓடிக்கொண்டிருந்த கார்டு நடுவில் விழுந்தால்

முதலில் ஓவர்கிளாக், அதாவது கார்டை இயல்பைவிட வேகமாக ஓட்டும் செட்டிங், எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே ஓடட்டும். விழவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. மெமரி கிளாக்கை கார்டு வாரியாக 50, 50 எனக் கூட்டிக்கொண்டு போய், தவறான ஷேர், அதாவது கார்டு தரும் தப்பு விடை, வரத் தொடங்கும் இடத்தில் இருந்து 100 குறைத்து நிறுத்துங்கள். ஒரே மாடல் ஆறு கார்டு என்றாலும் ஆறுக்கும் ஒரே எண் ஒத்துவராது. ஒன்றில் ஹைனிக்ஸ் மெமரி இருக்கும், ஒன்றில் சாம்சங் இருக்கும்.

பூஜ்யத்திலும் விழுகிறதா? ஹைவ் ஓஎஸ் மாதிரி லினக்ஸில் ஓட்டும் என்விடியா கார்டு என்றால் லாக் பதிவில் "எக்ஸ்ஐடி 79" இருக்கிறதா பாருங்கள். கார்டு பஸ்ஸில் இருந்து கழன்று விழுந்துவிட்டது என்று பொருள். கரண்ட், ரைசர், சூடு மூன்றில் ஒன்று. 3-ஆம் படிக்கும் 7-ஆம் படிக்கும் திரும்பிப் போங்கள்.

10. வெயில், உப்புக் காற்று

ஏப்ரல் வரை ஓடிய ரிக் கத்திரி வெயிலில் மதியம் மட்டும் விழுந்தால் நேரத்தை நோட்டில் எழுதுங்கள். விடியற்காலையில் விழவே இல்லை என்றால் சூடுதான். மையச் சில்லின் வெப்பத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் சில் 65 டிகிரி காட்டும்போதே மெமரி 110ஐத் தொட்டு வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். மெமரியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் மாற்ற வேண்டியிருக்கும்.

860 வாட் ரிக் அறைக்குள் கொட்டுவது 860 வாட் சூடு. அதை ஏசி வைத்துத் துரத்துவது கட்டுப்படியாகாது. ரிக்குக்கு மட்டுமே நாளைக்கு 20 யூனிட், இரண்டு மாத பில்லில் 1,200 யூனிட்டுக்கு மேல், வீட்டு இணைப்பின் உச்ச ஸ்லாபுக்கே போய்விடும். ஜன்னல் பக்கம் காற்று உள்ளே வர, எதிர்ச் சுவரின் மேலே எக்ஸாஸ்ட் விசிறி. அது போதும். வெறும் டேபிள் ஃபேன் அதே சூட்டைச் சுற்றிச் சுற்றி அடிக்கும்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரம் இருப்பவர்கள் ரைசரின் தங்கப் பற்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். பச்சையாகவோ மங்கலாகவோ இருந்தால் ஆல்கஹால் தொட்ட பிரஷால் தேய்த்து, காய விட்டு மாட்டுங்கள். மழைக்காலத்தில் பல நாள் அணைத்து வைத்த ரிக்கை அறையில் கொஞ்ச நேரம் விசிறி ஓட விட்ட பிறகே எழுப்புங்கள்.

11. ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகும் முன்

7-ஆம் படியில் கோளாறு கார்டோடுதான் போனது என்று உறுதியானால், அந்தக் கார்டை ரைசர் இல்லாமல் நேரடி ஸ்லாட்டில் மாட்டி ஒரு மணி நேரம் லோடில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால்தான் எடுத்துப் போக வேண்டும்.

ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை நிமிடத்தில் விழுகிறது, அப்போது வெப்பம் எவ்வளவு, என்ன பிழை எண், ஓவர்கிளாக் இல்லாமலும் விழுகிறதா, எந்தெந்த ஸ்லாட்டில் பார்த்தீர்கள். சீட்டு இல்லாமல் போனால் கடையில் அந்தக் கார்டை மாட்டி, விண்டோஸ் திரையை ஐந்து நிமிடம் காட்டி, "நல்லாத்தானே இருக்கு சார்" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். உங்கள் கார்டு விழுவது நாற்பதாவது நிமிடத்தில் என்று அவருக்கு எப்படித் தெரியும்?